தள்ளி விழும் சொல்

அன்புள்ள ஐயா,

போன சனிக்கிழமை மகள் என்னை மும்பை பாந்த்ராவில் ஒரு ஜாஸ் கச்சேரிக்கு அழைத்துப் போனாள். டிக்கெட் 800 ரூபாய். பாடிய பெண் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய இந்திப் பாட்டை அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார். கூடப் பாடவே முடியவில்லை. பொறுக்காமல் "ஒரிஜினல் மெட்டில் பாடும்மா" என்று கத்திவிட்டேன். மகள் இன்னும் சரியாகப் பேசவில்லை. இது இசையமைப்பாளருக்கு அவமரியாதை இல்லையா? ஜாஸை எங்கே தொடங்கிக் கேட்பது?

ஒரு வாசகர், சயான்

அன்புள்ள நண்பருக்கு,

டிக்கெட் விலையை விடுங்கள். அவமரியாதையையும் விடுங்கள்; மெட்டுப் போட்டவரின் பாட்டு இசைத்தட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கத்தினீர்களே, அது பெரிய தப்பு.

ஷண்முகானந்தா அரங்கில் வருஷக்கணக்காகக் கர்நாடகக் கச்சேரி கேட்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நிரவலில் ஒரே வரியைப் பத்து நிமிடம் பாடும்போது எழுந்து கத்தியதுண்டா? அங்கே சொல் தாளத்தில் தன் இடத்தில் நிற்கும், ஸ்வரம் மாறிக்கொண்டே போகும். ஜாஸில் சொல்கூட இடம் பெயரும். அடியில் ஓடும் கோர்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின்) வரிசைதான் பாட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

தொடங்க அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே போதும். 1935-ல், 20 வயதில், நியூயார்க்கில் பியானோக் கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு பாடிய பதிவுகள். அவருக்குக் கிடைத்தவற்றில் பல அன்றைக்குப் புதிதாக வந்த சாதாரணப் பாட்டுகள். குரலின் வீச்சும் பெரிதில்லை. ஏறி இறங்கும் மெட்டைச் சில ஸ்வரங்களுக்குள் சுருக்கிக்கொள்வார். பியானோவும் டிரம்ஸும் பிசகாமல் போகும்; அவர் மட்டும் பின்தங்கி வருவார். விழவேண்டிய தாள அடியில் சொல் விழாது. எங்கே என்று நம் காது தேடும்போது வந்து விழும். ஆயிரம் பாட்டில் தேய்ந்துபோன 'காதல்' என்ற சொல், அப்போதுதான் யோசித்துச் சொன்னதுபோல் இருக்கும். தாளம் தெரியாதவர் பின்தங்கினால் தொலைந்துபோவார். இவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். அந்தத் தாமதத்தைக் கேளுங்கள். மெட்டு எங்கே போச்சு என்று தேடாமல், சொல் எப்போது வரும் என்று காத்திருங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். மாட்டுங்காவில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. விவித் பாரதியில் கேட்ட இந்திப் பாட்டுகளை அம்மா தஞ்சாவூர் உச்சரிப்பில் சமையலறையில் பாடுவாள். லோக்கல் ரயில் வந்தால் வரி நடுவில் நிறுத்திவிடுவாள். ரயில் போகிறவரை கரண்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பாள். சத்தம் அடங்கியதும் அடுத்த சொல்லைக் கொஞ்சம் இறக்கி, தனக்கே சொல்வதுபோல் எடுப்பாள். சாயங்காலம் ரயில் அதிகம். ஒரு பாட்டு முடியப் பத்து நிமிடமாவது ஆகும்.

எனக்கு அப்போது 11 வயது. பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய திமிர். "ரேடியோல இப்படி இல்லம்மா, ஒழுங்கா பாடு" என்றேன். அம்மா சிரித்தாள். "சரிடா" என்றாள். அப்புறம் நான் வீட்டில் இருக்கும்போது அவள் பாடவே இல்லை. சில நாள் படியேறும்போது காதில் விழும். நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நின்றுவிடும்.

அந்தப் பெண் மறுபடி எப்போது பாடுகிறார் என்று மகளிடம் கேளுங்கள். டிக்கெட்டை நீங்கள் எடுங்கள்.

அன்புடன்.