சபாநாயகரும் கட்சிக்காரர்தானே, எப்படி நடுநிலையாக இருப்பார்?

மனசுக்குள் நடுநிலை வருமா என்பது வேறு விஷயம்; நடைமுறைதான் அவரைக் கட்டிப்போடுகிறது. பிரிட்டனில் சபாநாயகரானவர் கட்சியை விட்டே விலகிவிடுவார். இருபக்கமும் சமமாக வந்தால் ஒழிய ஓட்டுப் போடமாட்டார். அப்போதும், மேற்கொண்டு விவாதிக்க இடமிருந்தால் அதற்கு வழிவிடும் பக்கம் போடுவதுதான் மரபு.

1642-இல் மன்னர் முதலாம் சார்லஸ், ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க வீரர்களை வாசலில் நிறுத்திவிட்டு அவைக்குள் நுழைந்தார். சபாநாயகர் நாற்காலிக்கே போய், அவர்கள் எங்கே என்று கேட்டார். அப்போதைய சபாநாயகர் வில்லியம் லெந்தால் மண்டியிட்டார். ஆனால் அவை சொல்லாமல் தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாக்கும் இல்லை என்றுவிட்டார். மன்னர் வெறுங்கையோடு திரும்பினார்.

அவையில் கூச்சல் போடுபவரைச் சபாநாயகர் முதலில் எச்சரிப்பார், அடங்காவிட்டால் அன்றைக்கு வெளியே அனுப்புவார். என்னைக் கேட்டால், அடுத்து யார் பேசலாம் என்று தீர்மானிப்பதுதான் அதைவிடப் பெரிய அதிகாரம்.