தனி ஆளுக்கு ஏற்ற சிறிய டிரெய்லர்: கேள்வி பதில்

அடிலெய்டில் டிரெய்லர், கேரவன் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். ஊட்னடட்டா பாதை, பேர்ட்ஸ்வில் பாதை போன்ற உள்நாட்டு மண்சாலைகளில் அடிபட்டுத் திரும்பும் வண்டிகள் குளிர்காலம் முடியும் நேரத்தில் எங்கள் வாசலில் வரிசைகட்டி நிற்கும். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத இடத்தில் தனியாகப் போய்த் தங்குவதற்கு எந்த மாதிரி டிரெய்லர் வாங்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் பல ஊர்களிலிருந்து தமிழர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே கம்பெனியின் நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

மெல்போர்னிலிருந்து, மென்பொருள் துறையில் இருப்பவர்: அண்ணா, டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவச் சிறு படுக்கைப் பெட்டி), மடித்து விரிக்கும் கேம்பர் டிரெய்லர், ஹைபிரிட் (கேரவனும் கேம்பர் டிரெய்லரும் கலந்தது) என்று மூன்று வகை சொல்கிறார்கள். நான் ஒருவன்தான் போவேன். எதை வாங்குவது?

தம்பி, படுக்கையிலிருந்து யோசியுங்கள். மாலை ஆறு மணி, காற்று அடிக்கிறது, தூறல் வேறு. வண்டியை நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் உங்களால் படுக்க முடியும்? டியர்டிராப்பில் கதவைத் திறந்தால் மெத்தை. மடித்து விரிக்கும் வகையில் கேன்வாஸை இழுத்து, கம்பிகளை நிமிர்த்தி, முளை அடிக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் விளையாட்டு. ஒரே ஆளுக்குக் காற்றில் அது மல்யுத்தம். காலையில் ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

ஹைபிரிட்டுகள் வசதியானவைதான். ஆனால் பெரும்பாலானவை சாமான் ஏற்றிய பிறகு ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். முட்டுச் சந்தான ஒரு மண்பாதையில் வண்டியைக் கழற்றிக் கையால் திருப்ப வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வீர்கள்? தனியாள் தள்ளித் திருப்ப முடியாதது என் கணக்கில் சிறிய டிரெய்லர் இல்லை.

டியர்டிராப்பின் குறையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சமையல் பின்பக்கம், வெளியில்தான். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் எரிச்சல் வரும். அது ஒத்துவராது என்பவர்கள் கூரையை மட்டும் உயர்த்தும் பாப்-டாப் வகையில் சிறியதைப் பாருங்கள். எதுவானாலும் சுவர் கெட்டியானதாக, படுக்கை எப்போதும் விரித்தபடி, ஒற்றை ஆக்சிலோடு, முழுச் சுமையுடன் 1200 கிலோவுக்குள் இருக்கட்டும்.

கான்பெராவிலிருந்து: என்னிடம் இருப்பது டொயோட்டா ராவ்4 ஹைபிரிட். 820 கிலோ எடையுள்ள டிரெய்லர் ஒன்று பிடித்திருக்கிறது. இழுக்குமா?

முதலில் எந்த ராவ்4 என்று சொல்லுங்கள். 2019-இல் வந்த தலைமுறையில் நான்கு சக்கர உந்துதல் உள்ள ஹைபிரிட்டுக்கு 1500 கிலோ வரை அனுமதி. முன்சக்கர உந்துதல் மட்டும் உள்ள ஹைபிரிட்டுக்கு 480 கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். காரின் கையேட்டைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

அடுத்து அந்த 820. அது வெறும் வண்டியின் எடை, அதாவது டேர். நீங்கள் பார்க்க வேண்டியது தகட்டில் அடித்திருக்கும் ஏடிஎம் எண், சாமான்களோடு சேர்த்து டிரெய்லருக்கு அனுமதித்த உச்ச எடை. அது 1100 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு மிஞ்சுவது 280 கிலோ. 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ போயிற்று. நாலரைக் கிலோ கேஸ் சிலிண்டர் இரும்போடு சேர்ந்து ஏறக்குறைய 10 கிலோ. சாப்பாடு நிரப்பிய 45 லிட்டர் ஃப்ரிட்ஜ் 40 கிலோவுக்குக் குறையாது. நிழற்பந்தல், கூடுதல் பேட்டரி, மேலே சோலார் பலகை என்று நீங்கள் விற்பனைக் கூடத்தில் 'இதையும் போட்டுவிடுங்கள்' என்று சொன்னவை பல நேரங்களில் தகட்டில் உள்ள டேரில் சேர்ந்திருக்காது. மிச்சத்தில்தான் உடை, கருவி, அரிசி எல்லாம். பொது எடைமேடையில் ஒரு முறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். செலவு சொற்பம், பலருக்கு முகம் வெளுத்துவிடும்.

டிரெய்லர் காரின் டோ-பால் (பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. மிகவும் குறைந்தால் நெடுஞ்சாலையில் பின்பக்கம் ஆடத் தொடங்கும். அந்த எடை காரின் சுமைக் கணக்கிலும் ஏறும், மறக்க வேண்டாம். பிரேக் பற்றிச் சட்டம் தெளிவு: சக்கரங்களின் மேல் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். 2000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கழன்றுபோனால் தானே பிடிக்கும் அமைப்பும் வேண்டும். உங்கள் வண்டிக்கு மின்பிரேக் போட்டு, காரில் அதன் கட்டுப்பாட்டுக் கருவியையும் மாட்டிக்கொள்ளுங்கள். மண்சாலை இறக்கத்தில் அதன் அருமை தெரியும்.

பெர்த்திலிருந்து: லீஃப் ஸ்பிரிங்கா (அடுக்கிய எஃகுப் பட்டைகள்), ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனா? விற்பனையாளர் இரண்டாவதுதான் 'உண்மையான ஆஃப்-ரோடு' என்கிறார்.

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியை உடைப்பது பாறையோ ஆற்றைக் கடப்பதோ அல்ல. தகரக் கூரை போல நெளிநெளியாகக் கிடக்கும் மண்சாலைதான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஓயாத அதிர்வு. ஷாக் அப்சார்பர் சூடேறி எண்ணெய் கசியும். திருகுகள் தானாகக் கழலும். கம்பிகள் சேசிஸில் உரசித் தோல் உரியும்.

அண்மையில் வந்த ஒரு வண்டியில் டிராபார், அதாவது காரோடு இணைக்கும் முன்பக்கக் கம்பி, சேசிஸோடு (அடிச்சட்டம்) சேரும் இடத்தில், வெல்டிங் ஓரமாக, தலைமுடி போல ஒரு துருக்கோடு. சிவப்புத் தூசியைத் துடைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. அது விரிசல். உரிமையாளர் வந்ததோ பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று. பிரேக் கம்பி ஆக்சிலில் உரசி அறுந்திருந்தது. உள்ளே அலமாரிக் கீல்களின் திருகுகள் தரையில் உருண்டுகொண்டிருந்தன. அந்த வண்டியில் விலையுயர்ந்த தனித்தனி சஸ்பென்ஷன்தான் இருந்தது.

ஆகவே என் வரிசை இது. முதலில் சேசிஸும் டிராபாரும்: ஹாட்-டிப் கால்வனைஸ் செய்ததாக (துருப் பிடிக்காமல் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தது), வெல்டிங் ஒரே சீராக ஓடியிருப்பதாக, டிராபார் வண்டியின் அடியில் நன்றாக உள்ளே வரை போயிருப்பதாக. அதன் பிறகுதான் சஸ்பென்ஷன். சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் உள்ள தனித்தனி அமைப்பு மென்மையாக ஓடும், உள்ளிருக்கும் சாமான்கள் பிழைக்கும். லீஃப் ஸ்பிரிங் முரடு. ஆனால் வழியில் உடைந்தால் எந்தச் சிற்றூர் மெக்கானிக்கும் ஏதாவது செய்து ஊர் சேர்த்துவிடுவார். ஆயிரம் கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு நல்ல லீஃப் ஸ்பிரிங்கோடு ஷாக்கும் போட்டிருந்தால் எனக்கு அதுவே போதும்.

வாங்கும் நாளில் தரையில் ஒரு துணியை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மின்கம்பிகள் குழாய்க்குள் போகின்றனவா, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கல்தடுப்புத் தகடு இருக்கிறதா, கேஸ் குழாய் எங்கே ஓடுகிறது என்று. விற்பவர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இன்னொன்று: டிரெய்லர் சக்கரமும் கார் சக்கரமும் ஒரே போல்ட் அமைப்பில் இருந்தால் உபரிச் சக்கரங்களை இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள். நெளிசாலையில் டயர் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்தால் பாதி உடைசல் வராது.

பிரிஸ்பேனிலிருந்து, செவிலியர்: நான் தனியாகப் போகும் பெண். வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பாதுகாப்புக்காக டிரெய்லரில் என்ன பார்க்க வேண்டும்?

உள்ளிருந்து பூட்டும் கதவு, இரண்டாவது வெளியேறும் வழி, உள்ளிருந்தே அணைத்துப் போடக்கூடிய வெளிவிளக்கு. இந்த மூன்றையும் பாருங்கள். டியர்டிராப்பில் பெரும்பாலும் இரு பக்கமும் கதவு உண்டு, நல்லது. காரிலிருந்து டிரெய்லரைக் கழற்றாமல், முகப்பு வெளியேறும் பக்கம் பார்த்தபடி நிறுத்துங்கள். இடம் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் யாரிடமும் காரணம் சொல்லாமல் கிளம்பிவிடலாம். விரித்துப் போட்ட கேன்வாஸ் இருந்தால் அது முடியாது. உடனே கிளம்ப முடிவதுதான் சிறிய கெட்டிச்சுவர் வண்டியின் பெரிய பலம் என்பேன்.

வீட்டார் மனிதர்களை நினைத்துப் பயப்படுகிறார்கள். உள்நாட்டில் அதைவிடக் கவனம் வேண்டியது வெயிலும், பழுதாகி நிற்பதும், அந்தியில் குறுக்கே பாயும் கங்காருவும். ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே மீட்பவர்களுக்குத் தகவல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம். காரில் யுஎச்எஃப் ரேடியோ இருக்கட்டும். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்கள் 40-ஆம் சேனலில் இருப்பார்கள். எந்த வழி, எந்த நாள் எங்கே என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கவே நடக்காதீர்கள். வானிலிருந்து தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் எளிதில் தெரியும்.

சிட்னியிலிருந்து: ஐயா, மின்சாரம் எவ்வளவு வேண்டும்? இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்ஸி, ரைஸ் குக்கர் எல்லாம் ஓடுமா?

100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்றால் கையில் சுமார் 1280 வாட்-மணி. ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி குடிக்கும், கோடையில் இன்னும் கூட. விளக்கு, மின்விசிறி, ஃபோன் எல்லாம் சேர்த்து 15. ஆக நாளுக்கு ஏறத்தாழ 50. வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். 200 வாட் சோலார் நல்ல வெயிலில் அந்த 50-ஐத் திருப்பிக் கொடுத்துவிடும். பலகையைக் கூரையில் ஒட்டாமல் கையில் எடுத்து வைக்கும் வகையாக வாங்கினால் வண்டி நிழலில், பலகை வெயிலில்.

இண்டக்‌ஷன் வேண்டாம். 2000 வாட் என்றால் பேட்டரியிலிருந்து 160 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இந்த அளவுப் பேட்டரிகள் பலவற்றில் 100 ஆம்பியரோடு பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். மிக்ஸி வேறு கதை: ஐந்து நிமிடம்தானே, சட்னிக்கு 5 ஆம்பியர்-மணி. அதற்கு, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரம் போல மாற்றித் தரும் நல்ல 1500 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் இருந்தால் போதும். சோற்றுக்குப் பிரஷர் குக்கரும் கேஸும். தண்ணீரும் மிச்சம், நேரமும் மிச்சம். இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நெளிசாலையில் மூடி கழன்றால் அந்த மணம் மாதக்கணக்கில் போகாது.

காரிலிருந்து டிரெய்லருக்கு வெறும் கம்பி இழுத்தால் இன்றைய கார்களில் பேட்டரி முழுதாக ஏறாது, கார் மின்சாரத்தை டிரெய்லர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 25 ஆம்பியர் சார்ஜர் இரண்டு மணிநேர ஓட்டத்தில் ஒரு நாள் செலவை ஈடுகட்டும். லித்தியத்தைப் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. மலைப்பகுதிக் குளிர்காலக் காலையில் சார்ஜ் ஏறவில்லை என்று பதறாதீர்கள்.

அதே நண்பர்: ஏசி?

வேண்டாம். டார்வின் பக்கம் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள்.

ஹோபார்ட்டிலிருந்து: தண்ணீர், கழிவறை?

குளியல் நீங்கலாக ஒருவருக்கு நாளுக்கு ஐந்தாறு லிட்டர், வெயிலில் கூடுதல். எல்லாத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். ஒரு கல் தெறித்துக் குழாய் உடைந்தால் மொத்தமும் மண்ணில். தனியாக ஒரு 20 லிட்டர் கேன் காருக்குள் இருக்கட்டும். கழிவறைக்குக் கையில் தூக்கும் கெமிக்கல் பெட்டியும் ஒரு சிறு நிற்கும் கூடாரமும் போதும். அதற்காக ஓர் அறையே கட்டிய வண்டி வாங்கினால் அந்த அறைக்குள் கடைசியில் நாற்காலிகள்தான் இருக்கும்.

சிட்னியிலிருந்து, ஈழத்தமிழர்: அண்ணை, புதிதுக்கு வசதியில்லை. பழையதில் எதைப் பார்த்து வாங்குவது?

உள்ளே தலையை நுழைத்ததும் மூக்கை நம்புங்கள். ஈர வாடை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய வண்டிகளில் வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே மரம் உளுத்திருக்கும். கூரை மூலைகளையும் ஜன்னலின் கீழ் விளிம்பையும் கட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அது பழுது. டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. தேய்மானமே இல்லாவிட்டாலும் ஆறேழு வயதான டயரை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். கேஸ் இணைப்புக்குச் சான்றிதழ் கேளுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் சேசிஸ் எண்ணை இட்டுப் பாருங்கள், சில டாலர்தான். பேரிங்கைக் கழற்றிப் புது கிரீஸ் போடாமல் நீண்ட தூரம் கிளம்ப வேண்டாம்.

அடிலெய்டிலிருந்தே ஒருவர்: சிம்சன் பாலைவனம், பங்கிள் பங்கிள், கிப் ரிவர் ரோடு. இந்த மூன்றுக்கும் ஒரே வண்டி போதுமா?

கிப் ரிவர் ரோடு மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கில், ஏறத்தாழ 660 கிலோமீட்டர். மேலே சொன்ன மாதிரி உறுதியான சிறு வண்டி தாராளமாகப் போகும். பங்கிள் பங்கிள் இருக்கும் பூர்ணுலூலு பூங்காவில் ஒற்றை ஆக்சில் ஆஃப்-ரோடு டிரெய்லர்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். அங்கே நீங்கள் ஜெயித்தீர்கள், பெரிய வண்டிக்காரர் வெளியே நிற்பார். சிம்சனுக்கு டிரெய்லரே வேண்டாம். மணல்மேட்டின் உச்சியில் காரைப் பின்னோக்கி இழுக்கும் சுமை அது. தனியாகவும் வேண்டாம். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சிம்சன் பாலைவனப் பூங்காவை மூடியும் வைக்கிறார்கள்.

மெல்போர்னிலிருந்து: வாங்கியாயிற்று! முதலில் எங்கே போகலாம்?

இரண்டு இரவு உங்களுக்கு அருகில் உள்ள ஏதாவது ஒரு பூங்காவுக்குப் போங்கள், தார்ச்சாலை முடிந்து கொஞ்சம் மண்சாலை இருக்கும்படி. புதுச் சக்கர நட்டுகள் முதல் ஓட்டத்தில் தளரும். 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 100-இல் ஒரு முறை நிறுத்தி டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். அதே நேரத்தில் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகம் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ இறுக்கமாக இருக்கிறது. அங்கிருந்தே திரும்பி, வாரண்டி இருக்கும்போதே விற்றவர் தலையில் கட்டுங்கள்.