வினைமுற்றில் சிக்கிய காதல்

கேள்வி: நான் ஒரு காதல் குறுநாவல் எழுதி வருகிறேன். அதில் வரும் ஒருவர் சில நாள்கள் தம்மைப் பெண்ணாகவும் சில நாள்கள் ஆணாகவும் உணர்கிறார். ‘அவன்’ என்றாலும் ‘அவள்’ என்றாலும் பாதி பொய்யாகிவிடுகிறது. ‘அவர்’ என்று எழுதினாலோ, காதலர் இருவருக்கும் நடுவே யாரோ பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தயக்கத்தை நானும் எழுதும்போது உணர்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குச் சுட்டுப்பெயரோடு சிக்கல் முடிந்துவிடுகிறது. நமக்கோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைமுற்றின் ஈற்றிலும் பால் ஒட்டிக்கொண்டு வருகிறது. இது நேற்று முளைத்த சிக்கலும் அன்று. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணைக்குரிய ஈறுகளையே அவை கொள்ளும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் சொல்கிறது. அதே நூற்பாவில் தெய்வப் பெயர்களும் அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் பால் காட்டாத இடங்களும் தமிழில் நிறைய உண்டு. ‘வந்தேன்’, ‘வந்தாய்’ என்னும் தன்மை, முன்னிலை வினைகளில் பால் இல்லை. ‘வந்த’, ‘வந்து’ என்னும் எச்சங்களிலும் இல்லை. காதல் பெரும்பாலும் நானும் நீயும் பேசிக்கொள்வதுதான் என்பதால், மற்றவரைக் கதைசொல்லியாக்கி, இவரை ‘நீ’ என்று விளித்தே எழுதிப் பாருங்கள். ‘மழையில் நனைந்து வந்தாய். நேற்று நான் பின்னிவிட்ட கூந்தலை இன்று தொப்பிக்குள் மறைத்திருந்தாய். உன்னை எப்படி அழைக்கட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் பொறு, சொல்கிறேன் என்று சிரித்தாய்.’ இதில் ஆண்பால் ஈறோ பெண்பால் ஈறோ ஒன்றுகூட இல்லை.

படர்க்கையில்தான் எழுத வேண்டுமென்றால், ‘கதவைத் திறந்தான்’ என்பதற்குப் பதில் ‘கதவைத் திறந்த கை நடுங்கியது’ என்று எழுதித் தப்பிக்கலாம். நாவல் முழுவதும் அப்படித் தப்பித்துக்கொண்டே போனால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆகவே ‘அவன்’, ‘அவள்’ இரண்டும் மாறி மாறி வரட்டும். ஆனால் உடையைப் பார்த்து மாற்றாமல், அந்த நேரத்தில் அவர் தம்மை எப்படி உணர்கிறாரோ அதன்படி மாற்றுங்கள். வீட்டார் பிடிவாதமாக ஒரே விகுதியில் பேசிக்கொண்டிருக்க, காதலிப்பவர் மட்டும் ஒரு நாள் தயங்கி, சொல்ல வந்த விகுதியை விழுங்கி, வேறொன்றைச் சொல்கிற காட்சியை எழுதுங்கள். முத்தக் காட்சியைவிட அதில் நெருக்கம் கூடுதலாக இருக்கும்.

கேள்வி: பாலினத்திலோ காதலிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காத பால்புதுமையினரின் காதல் கதைகள் சாவிலோ பிரிவிலோதான் முடிகின்றன. மகிழ்ச்சியாக முடித்தால் நம்பகத்தன்மை போய்விடாதா?

பதில்: போகாது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1913, 1914 ஆம் ஆண்டுகளில், ஆண்கள் இருவருக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலத்தில், ‘மாரிஸ்’ நாவலை எழுதினார். தூக்குக் கயிற்றில் முடித்திருந்தால் அதை வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று அறிந்திருந்தும், மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அந்த நாவல் அவர் இறந்த மறு ஆண்டு, 1971இல்தான் அச்சேறியது.

துயரமாக முடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தத் துயரம் அந்த இருவரின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். அவர்கள் அப்படிப் பிறந்ததற்குத் தண்டனையாக வரக் கூடாது. சண்டைக்குப் பின் முதலில் யார் பேசுகிறார், ஒருவர் கண்ணாடி முன் தயங்கி நிற்கும்போது மற்றவர் என்ன செய்கிறார் என்பனவற்றையெல்லாம் நடுப் பக்கங்களில் பொறுமையாக எழுதியிருந்தால், கடைசிப் பக்கத்தில் அவர்கள் சேர்ந்தே இருப்பதை நம்ப வாசகருக்குத் தனியாக ஒரு காரணம் தேவைப்படாது.