உள்ளேன் ஐயா

அன்புள்ள ஐயா,

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. போன வாரம் பதினொன்றாம் வகுப்பில், கல்வித்துறையின் ஆன்லைன் பதிவேடான எமிஸில் வருகைப்பதிவு போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் பையில் செல்போன் அடித்தது. பிடுங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவாராம். நான்கு நாட்களாகப் பையன் வரவில்லை. பிரான்ஸில் தடை வந்துவிட்டது, சுவீடனில் திரையையே குறைக்கிறார்கள். இங்கே அரசே லேப்டாப் கொடுத்தது. வகுப்பறைக்குள் இவை வரலாமா, கூடாதா?

(ஓர் ஆசிரியர், திண்டுக்கல் மாவட்டம்)

அன்புள்ள தம்பிக்கு,

பிரான்ஸைத் தள்ளி வையுங்கள். 2018இல் சட்டம் போட்டார்கள், நல்லது. சுவீடன் திரையைக் குறைத்துப் புத்தகத்துக்குக் காசு ஒதுக்குகிறது, அதுவும் நல்லதுதான். நம்மூரில் எதைப் பேசினாலும் சுவீடன் எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்றுதான் எனக்குப் புரிவதில்லை.

லேப்டாப்பும் அப்படியே. 2011 செப்டம்பரில் கொடுக்க ஆரம்பித்தார்கள். என் அக்கா மகள் வாங்கி வந்ததற்கு ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்தோம். அதில் டைப் அடிக்கப் பழகித்தான் அவள் வேலைக்குப் போனாள். ஆனால் அதை வகுப்புக்குக் கொண்டுவா என்று அவளிடம் ஓர் ஆசிரியரும் ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்புக்கு வராத பொருளைத் தடைசெய்து என்ன ஆகப்போகிறது?

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. "எமிஸில் வருகைப்பதிவு போட்டுக்கொண்டிருந்தபோது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆக, பையனின் போன் அடிப்பதற்கு முன்பே வகுப்பில் ஒரு போன் இருந்திருக்கிறது. உங்கள் கையில்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சொந்த போன், சொந்த டேட்டா, மேலிருந்து வந்த உத்தரவு, எல்லாம் தெரியும். ஆசிரியர் சங்கங்கள் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதும் தெரியும். சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளிக்குப் பேசப் போயிருந்தேன். ஓர் ஆசிரியை சன்னலோரம் நின்று போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். "சர்வர் சுத்துது சார்" என்றார். நாற்பது பிள்ளைகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஏழாம் வகுப்பு வாத்தியார் வருகைப்பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருக்கும். நம்பர் கூப்பிடுவார், நாங்கள் "உள்ளேன் ஐயா" என்போம். ஒருநாள் மேட்னி ஷோவுக்குப் போய்விட்ட பதினேழாம் நம்பருக்கு நான் குரல் கொடுத்தேன். குரலை மாற்றித்தான் கொடுத்தேன். அவர் நிமிராமலே, "பதினேழு சினிமாவுக்குப் போயிருக்கு. குரலை மட்டும் இருபத்தி மூணுகிட்ட விட்டுட்டுப் போயிருக்கு. இருபத்தி மூணு, எழுந்து நில்லு" என்றார். இருபத்தி மூன்று நான். பீரியட் முடியும்வரை நின்றேன்.

அதே வருடம், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், இருபத்தி மூன்றுக்கு நானே குரல் கொடுத்தேன். பேனா ஒரு கணம் நின்றது. அப்போதும் அவர் நிமிரவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. மதியம் தன் டிபன் பாக்ஸ் மூடியில் இரண்டு இட்லியை வைத்து, "எனக்கு அதிகம், இதைத் தீர்த்துடு" என்றார். மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இந்த வயதிலும் அந்த வாசனை எங்கேயாவது வந்தால் நான் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுகிறேன்.

செயலியில் பெயரைத் தொட்டால் பதிவாகிவிடுகிறது. குரல் எங்கே கேட்கிறது? நோட்டில் ஒருமுறை, போனில் ஒருமுறை என்று இரண்டு வேலை ஆகிறதே என்பீர்கள். ஆகட்டும். முதலில் கூப்பிட்டு முடியுங்கள், போனில் ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் கேள்வி. பிள்ளைகளின் போன் வகுப்பில் வேண்டாம்தான். காலையில் வாங்கி வைத்து மாலையில் கொடுத்தால் முடிந்தது. இதற்கு என் கருத்து தேவையே இல்லை.

ஆனால் அந்தப் பீரோ? அதற்குத்தான் உங்களைத் திட்ட வேண்டும். 2018 முதல் பாடநூலில் க்யூஆர் கோடு அச்சிட்டு, ஸ்கேன் பண்ணிப் பார் என்றது நாம். 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டிவிட்டு, போன் இருந்தால்தான் ஆன்லைன் வகுப்பு என்றதும் நாம். தோட்டை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். இந்தப் போன் எப்படி வாங்கியது என்று விசாரித்தீர்களா? வீட்டுக்கே அது ஒன்றுதான் என்றால்? அடித்தது யார், எதற்கு என்றாவது கேட்டீர்களா? அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தால், ஒரு கையெழுத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். நான்கு நாள் பையன் வரவில்லை என்று எண்ணத் தெரிந்த உங்களுக்கு, சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போய் வரத் தோன்றவில்லை. எனக்குக் கடிதம் எழுதத் தோன்றியிருக்கிறது. சுவீடன்வரை போய் வந்தீர்களே தம்பி, அவன் வீடு அதைவிடத் தூரமா?

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் பேசிச் சாவியை வாங்குங்கள். மறுத்தால் ரெண்டு தடவை கேளுங்கள். போனை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். இத்தனை நாள் பீரோவில் கிடந்ததில் சார்ஜ் இறங்கியிருக்கும். ஸ்டாஃப் ரூமில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.