தினம் சாவைப் பார்த்துவிட்டு வருகிறவள் எப்படிச் சிரிக்கிறாள்?

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. நர்சிங் முடித்து ஒரு பெரிய மருத்துவமனையின் ஐசியூவில் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். போன வருஷம் அதை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மையத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே ஒரு பக்கம் பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவு. இன்னொரு பக்கம், இனிக் குணமாகாது என்று தெரிந்தவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ். சம்பளம் பாதிதான். வாரத்தில் இரண்டு மூன்று சாவைப் பார்க்கிறாள். ஆனால் முன்பைவிட நன்றாகத் தூங்குகிறாள், சிரிக்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. மனசு மரத்துப்போய்விட்டதா? இல்லை, சேவை, தியாகம் என்று யாராவது பேசி மயக்கிவிட்டார்களா? கேட்டால் "உனக்குச் சொன்னா புரியாதும்மா" என்கிறாள். நீங்களாவது புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

பதில்:

அன்புள்ள அம்மா,

மரத்துப்போனவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஒரு காலத்தில் நானே அப்படித்தான் இருந்தேன். பிசியோதெரபிஸ்டாக ஒரு மருத்துவமனையில் சேர்ந்த புதிதில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு, ஒருவருக்குப் பத்து நிமிடம், கையைத் தூக்கு, காலை மடக்கு, முடிந்ததா, அடுத்த ஆள். மூன்றாவது வருஷத்தில் நோயாளிகளின் பெயரே என் வாயில் வரவில்லை, 'நாலாம் பெட்', 'அந்த இடுப்பு கேஸ்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன், வீட்டுக்கு வந்தால் யார் மேலாவது எரிந்து விழுவேன், ராத்திரி தூக்கம் கிடையாது. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இந்த நிலைக்கு மூன்று அடையாளம் சொன்னார்: உள்ளே வற்றிப்போவது, எதிரே இருக்கும் மனிதரை ஒரு பொருளைப்போல நடத்த ஆரம்பிப்பது, நாம் செய்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்துத் தேடினேன், இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் மகளிடம் அகப்படவில்லை. மரத்துப்போயிருந்தால் அது அந்த ஐசியூ நாட்களில்தான் நடந்திருக்க வேண்டும், அப்போது அவள் எப்படித் தூங்கினாள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நான் அந்த வேலையை விட்டு ஒரு தொண்டு நிறுவனத்தின் மறுவாழ்வு மையத்துக்குப் போய் ஒன்பது வருஷம் இருந்தேன், அதே வளாகத்தில் ஹாஸ்பிஸும் இருந்தது. அதனால் உங்கள் மகள் சொல்லாமல் விட்டதைக் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது.

ஐசியூவைக் குறை சொல்லவில்லை, எத்தனையோ உயிர் அங்கே பிழைத்துத் திரும்புகிறது. ஆனால் உடம்பு முழுக்கப் புற்றுநோய் பரவிவிட்ட ஒரு முதியவரின் இதயம் நின்றுவிட்டால், அவர் பிழைக்கப்போவதில்லை என்று அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருந்தும், வேறு முடிவு எதுவும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை என்றால், நெஞ்சை அழுத்தித்தான் ஆக வேண்டும். அழுத்தும்போது விலா எலும்பு முறிவது கைக்குத் தெரியும். அந்தக் கை உங்கள் மகளுடையது. இது சரியில்லை என்று மனசு சொல்ல, விதிப்படி கை வேறொன்றைச் செய்ய வேண்டியிருக்கும் இந்த அவஸ்தைக்கு ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்பவர் 1984-ல் ஒரு பெயர் வைத்தார், தமிழில் அறச் சங்கடம் என்று சொல்லிக்கொள்ளலாம். நர்சுகளை உடைப்பது பெரும்பாலும் சாவு கிடையாது, இந்தச் சங்கடம்தான். ஹாஸ்பிஸில் மனசும் கையும் ஒரே பக்கம் போகின்றன. உங்கள் மகளின் தூக்கத்துக்கு என்னால் சொல்ல முடிகிற முதல் காரணம் இது.

அடுத்தது, அங்கே போய் என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்வி. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று மற்ற இடங்களில் சொல்லி அனுப்புகிறார்களே, ஹாஸ்பிஸில் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் அங்கேதான் ஆரம்பமாகிறது. வாய் காய்ந்து வெடித்திருக்கும், ஈரப் பஞ்சால் அடிக்கடி நனைக்க வேண்டும். மூச்சுத் திணறுகிறவருக்கு முகத்துக்கு நேரே ஒரு சின்ன விசிறியின் காற்று படும்படி வைத்தாலே எத்தனையோ தேவலை. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், அதற்குச் சேர்த்தே மருந்து கொடுக்கத் தெரிய வேண்டும். கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், கேட்கிற குடும்பம் துடித்துப்போகும். அவரைப் பக்கவாட்டில் மெல்லத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, விழுங்கவோ இருமவோ முடியாததால் எச்சில் தேங்கி வருகிற சத்தம் இது, பெரும்பாலும் அவர் இதை உணர்வதில்லை என்று நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். இதெல்லாம் கைத்தொழில் மாதிரி, அம்மா. நன்றாகச் செய்தால் பலன் அன்றைக்கே, சில சமயம் அரை மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும், காலையில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் மதியம் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு வருகிறவள் சிரிக்காமல் என்ன செய்வாள்?

இந்தத் தொழிலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்சாக இருந்தார், முதுகு வலியால் அது முடியாமல் போய் மருத்துவமனையில் சமூகப் பணியாளரானார், பிறகு முப்பது வயதைத் தாண்டி மருத்துவம் படிக்கப் போய் 1957-ல் டாக்டரானார். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு ஊசி போடுவதுதான் அன்றைய வழக்கம், அவரோ வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி மார்ஃபின் கொடுத்துவிட வேண்டும் என்றார். உடம்பு வலியோடு பயம், குடும்பக் கவலை, நான் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம் என்கிற தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னவரும் அவர்தான். அவர் பார்த்துக்கொண்ட டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி 1948-ல் இறக்கும்போது அவருக்கு 500 பவுண்டு விட்டுச் சென்றார், உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி. அந்த இல்லம், லண்டனின் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ், 1967-ல்தான் திறந்தது. ஒரு ஜன்னலுக்கான காசை வைத்துக்கொண்டு 19 வருஷம். 2005-ல் அவர் இறந்ததும் அதே இடத்தில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் 'சாவுக்குக் காத்திருக்கும் இடம்' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். 2010-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரைச் சேர்த்தார்கள், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும், அதாவது ஹாஸ்பிஸில் செய்வதைப்போல வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற சிகிச்சையும், பெற்றவர்களில் பாதிப்பேர் 11.6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், அது இல்லாதவர்களில் அந்தக் கணக்கு 8.9 மாதம்.

மறுவாழ்வுப் பிரிவின் கதை வேறு. அங்கே காலம் மெதுவாக ஓடும். பக்கவாதம் வந்தவர் ஒரு சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொள்ள மூன்று வாரம் ஆகும், அந்த மூன்று வாரமும் "நானே போட்டுவிடட்டுமா" என்று துடிக்கும் நம் கையை நாமே கட்டிப்போட வேண்டும், அதுதான் அந்த வேலையின் கஷ்டமான பகுதி. பித்தான் ஓட்டைக்குள் போகிற அந்த நொடியை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. முதுகுத்தண்டு முறிந்தவர்கள் ஒரு காலத்தில் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலுமே செத்துப்போனார்கள், அவர்களுக்காக மெனக்கெடுவது வீண் என்றுதான் மருத்துவ உலகமே நினைத்தது. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் பொறுப்பேற்று இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைத் திருப்பிப் போட வைத்தார். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, திருப்பிப் போடுவதுதான். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்த 16 பேர் அந்த மருத்துவமனையில் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள், இன்றைய பாராலிம்பிக்ஸின் விதை அது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நர்சுக்கு இந்தச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, காலையில் முதுகுத்தோல் சிவக்காமல் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், அவள் வேலை பலித்ததா என்று தெரிந்துவிடும்.

சரி, இதைத் தனியார் மருத்துவமனையில் செய்ய முடியாதா, எதற்குத் தொண்டு நிறுவனம்? செய்ய முடியும், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படுக்கை காலியாகிற வேகத்தில் வருமானம் பார்க்கிற இடத்தில், ஒருவர் பக்கத்தில் சும்மா இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பதை எந்த பில்லில் எழுதுவது? உங்கள் மகளுக்கு அங்கே கிடைத்தது நேரம். ஒருவரைக் குளிப்பாட்ட முக்கால் மணி எடுத்தால் யாரும் கடிகாரத்தைக் காட்ட மாட்டார்கள்.

தியாகம் என்ற வார்த்தையை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள், அங்கே வேலை செய்கிற பலருக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. கொடுத்ததைவிட வாங்கிக்கொண்டது அதிகம் என்று கூச்சத்தோடு சொல்கிறவர்கள்தான் நிறைய. அதற்காகச் சாகப்போகிறவர்கள் எல்லாரும் ஞானிகள் என்று நினைத்துவிட வேண்டாம். திட்டுவார்கள், தட்டைத் தள்ளிவிடுவார்கள், பெற்ற பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் நடிக்க மாட்டார்கள். நாள் முழுக்க நடிக்காத மனிதர்களோடு இருப்பது ஒரு பெரிய ஓய்வு.

இப்போது உங்கள் பயத்தில் நியாயமான பாதிக்கு வருகிறேன். மயக்கிவிட்டார்களா என்று கேட்டீர்களே, வேலையில் கிடைக்கும் இந்த நிறைவைக் காட்டியே ஆட்களைப் பிழிகிற நிறுவனங்களும் இருக்கின்றன. நான் இருந்த இடத்தில் ஒரு வருஷம் நன்கொடை குறைந்தபோது போன ஆட்களுக்குப் பதில் ஆள் எடுக்காமல் எல்லார் தலையிலும் இரட்டை ஷிப்டைக் கட்டினார்கள், கேட்டதற்கு "நாமெல்லாம் ஒரே குடும்பம், இது வேலை இல்லை, தொண்டு" என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் எனக்கு இன்னும் எரிகிறது. நோயாளிக்கு நேரம் கொடுக்கத்தான் அங்கே போனோம், ஆளைக் குறைத்தால் அந்த நேரமே போய்விடுகிறது, அப்புறம் என்ன தொண்டு? தேவையும் கொஞ்சநஞ்சம் இல்லை: உலகத்தில் ஒவ்வொரு வருஷமும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை தேவைப்படுகிறது, அது கிடைப்பது சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. வாசலில் வரிசை நீண்டுகொண்டே இருக்கும்போது, மனசு உள்ள நர்ஸ் 'என்னால் இன்றைக்கு முடியாது' என்று சொல்லவே மாட்டாள், அந்த இடத்தில்தான் அவளுக்கு ஒரு அம்மா தேவை.

ஆகவே "ஏன் அங்கே போனாய்" என்பதை விட்டுவிடுங்கள். ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ், தொடர்ந்து எத்தனை நைட் போடுகிறார்கள், லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்களா, ஒருவர் இறந்த பிறகு எல்லாரும் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசப் பத்து நிமிடமாவது ஒதுக்குகிறார்களா, சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா, இவற்றைக் கேளுங்கள். பதில்கள் ஒழுங்காக இருந்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. இல்லையென்றால் வேலையை விடச் சொல்லாமல், இடத்தை மாற்றச் சொல்லுங்கள், இதே வேலையை ஊழியர்களை மதித்துச் செய்கிற வேறு நிறுவனங்கள் உண்டு.

"உனக்குச் சொன்னா புரியாது" என்றாளே, அது உங்களை ஒதுக்குவதற்காகச் சொன்னது என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டிருப்பீர்கள், அவளிடம் இருக்கிற கதைகள் வேறு. அடுத்த முறை ட்யூட்டி முடிந்து வரும்போது, இன்றைக்கு யார் நடந்தார்கள், யார் சிரித்தார்கள், யார் உன்னைத் திட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் ஒரு வரியில் முடித்துவிடுவாள், விடாமல் கேளுங்கள். ஒரு நாள் அவளுக்குப் பிடித்த நோயாளி யாராவது போய்விட்டார் என்று வந்து அழுவாள், அது மரத்துப்போகாததற்கு அடையாளம். அன்றைக்கு மட்டும் தயவுசெய்து வேலையை விடு என்று சொல்லிவிடாதீர்கள்.