அம்மாவுக்குக் கால் வழுக்கும் பாத்ரூமுக்கு 2×2 அடி மேட் (பளபளப்பில்லாத) டைல்ஸ் சரியா?

மேட் சரி, 2×2 வேண்டாம். 1×1 அடி ஆன்டி ஸ்கிட் (வழுக்காத) செராமிக் போடுங்கள். பெரிய டைல்ஸை வடிகால் ஜல்லடை பக்கம் நான்கு புறமும் சரித்துப் போட முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும். சின்னதில் இணைப்புக் கோடுகள் அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம்.

ஆனால் உங்கள் அம்மா வழுக்குவதற்கு டைல்ஸ் மட்டும் காரணமாக இருக்காது. தரையின் வாட்டம் (சரிவு) குறைந்து சோப்புத் தண்ணீர் தேங்குகிறதோ என்று சந்தேகம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மூலையில் குட்டை நின்றால் அதுதான் கோளாறு. 5 அடிக்கு முக்கால் அங்குலமாவது சரிவு வேண்டும்.

கடையில் டைல்ஸ் பெட்டியில் வழுக்காத தன்மையைக் காட்டும் அளவு ஆர்10, ஆர்11 என்று போட்டிருந்தால் நல்லது. போடாவிட்டால் சாம்பிள் மேல் சோப்புத் தண்ணீர் விட்டு வெறுங்காலால் தேயுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ரொம்பச் சொரசொரப்பானதையும் எடுக்காதீர்கள், அழுக்கு ஏறினால் தேய்த்து மாளாது.

அப்புறம், பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டுவதானால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். வாசல்படி தாழ்வாக இருந்தால் தண்ணீர் படுக்கையறைக்குள் வந்துவிடும். அப்படியானால் உடைத்துப் போடுவதே மேல்.