ஏழடி வைக்காத சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: சடங்கு இல்லாத இந்துத் திருமணம் செல்லாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதாகப் படித்தேன். அப்படியானால் ஐயர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டு நடந்த எங்கள் திருமணம் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. தமிழ்நாட்டில் அது முழுமையான திருமணம்தான். நீங்கள் படித்த வழக்கு வேறு. விமானிகள் இருவர் எந்தச் சடங்குமே செய்யாமல் ஓர் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி உத்தரப் பிரதேச விதிகளின்கீழ் பதிவும் செய்துகொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்தே அது திருமணம் இல்லை என்று அறிவிக்கக் கேட்டார்கள். பதிவு மட்டும் திருமணம் ஆகிவிடாது என்றது நீதிமன்றம். நம் ஊர் சுயமரியாதைத் திருமணத்துக்குத் தனிச் சட்டப்பிரிவு இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ.

அந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. 1920களின் கடைசியிலிருந்தே பெரியார் இயக்கத்தார் இப்படித் திருமணம் செய்துவந்தார்கள். ஆனால் 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. நீங்கள் இந்துக்கள்தானே, அப்படியானால் சாஸ்திரப்படி சடங்கு நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தொன்றுதொட்டு வந்த வழக்கமாவது இருக்க வேண்டும், நேற்று தொடங்கிய வழக்கத்தை ஏற்க முடியாது என்பது அதன் வாதம். 1955இல் வந்த இந்து திருமணச் சட்டமும் 7ஆம் பிரிவில் வழக்கமான சடங்குகளையே கேட்டது.

என் அம்மாச்சிக்கும் தாத்தாவுக்கும் நடந்தது இந்த மாதிரித் திருமணம்தான். தாத்தாவின் பங்காளிகள் நிலத் தகராறு வரும்போதெல்லாம் "உனக்கு நடந்தது கல்யாணமே இல்லை" என்று சொல்வார்களாம். தாத்தாவுக்குக் கொள்கை இருந்தது, தாங்கிக்கொண்டார். மூன்று பிள்ளைகளைப் பெற்ற அம்மாச்சிக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்? மனைவி மனைவியில்லை என்றால் பிள்ளைகளின் சொத்துரிமையும் ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் 7ஏ பற்றி யாராவது அலட்சியமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

1967இல் அண்ணா முதல்வரானதும் செய்த முக்கியமான வேலைகளில் இது ஒன்று. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவரும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இவற்றில் ஏதாவது ஒன்று. ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் சட்டம் பின்னோக்கிச் செல்லும் என்று எழுதியதுதான் இதில் பெரிய விஷயம். அம்மாச்சி போன்றவர்கள் கல்யாண நாளிலிருந்தே சட்டப்படி மனைவி ஆனார்கள்.

இதன் இன்னொரு பயன் 2001இல் தெரிந்தது. முதல் மனைவி இருக்கும்போதே ஒருவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். வழக்கு வந்ததும், தீயின் முன் சேர்ந்து ஏழடி வைக்கும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே இரண்டாவது திருமணமே இல்லை, நான் குற்றவாளியும் இல்லை என்று வாதாடினார். கீழ் நீதிமன்றத்தில் விடுதலையும் ஆனார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தாலி கட்டி மாலை மாற்றியிருக்கிறீர்கள், 7ஏ படி அது போதும் என்றது. 1953இல் ஒரு பெண்ணை மனைவி இல்லை என்று சொல்ல உதவிய அதே வாதத்தால், இந்த முறை ஓர் ஆண் தண்டனையிலிருந்து தப்பப் பார்த்தார். சடங்கு குறைந்தது என்று கிளப்பும்போது அடிபடுவது எப்போதும் பெண்தான் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல் அறைக்குள் ரகசியமாக நடக்கும் திருமணங்கள் செல்லாது, ஊரறிய நடக்க வேண்டும் என்றது. சாதி மாறிக் காதலித்தவர்கள் ஊரறிய எப்படிக் கல்யாணம் செய்வார்கள்? உயிரோடு விடுவார்களா? 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று சொல்லி மாற்றியது. 7ஏ ஊரறிய நடத்தச் சொல்லவில்லை, குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் பயந்து ஒதுங்கி மணம் செய்பவர்களைப் பகிரங்கமாக அறிவிக்கச் சொன்னால் அது ஆபத்தில் முடியலாம் என்றது. வக்கீல்கள் நண்பராக, உறவினராக முன்னின்று நடத்திவைக்கலாம் என்றும் தெளிவாகச் சொன்னது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். தாமதமாகியிருந்தாலும் போய்க் கேளுங்கள். மாலை மாற்றிய படமும் அழைப்பிதழும் இருந்தால் பத்திரமாக வையுங்கள், உடனிருந்தவர்கள் யார் யார் என்று குறித்துவையுங்கள். 7ஏ இந்துக்கள் இருவருக்கு மட்டும்தான். உங்களில் ஒருவர் கிறித்தவரோ இஸ்லாமியரோ என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் 30 நாள் அறிவிப்புக் கொடுத்து மணம் செய்துகொள்ளலாம். இது தமிழ்நாட்டுத் திருத்தம் என்பதால், திருமணம் வேறு மாநிலத்தில் நடந்திருந்தால் வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.